அன்னாசி டப்பா - கடிதம்

வணக்கம்.

ஹவாயின் டோல் அன்னாசி கம்பெனியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அங்கே அன்னாசியை முதலில் டப்பாவில் அடைத்தவர் ஜேம்ஸ் டோல்தானா? அறுபது சொச்சம் ஏக்கரில் தொடங்கியவர் இருபது வருடத்தில் ஒரு தீவையே வாங்கியது எப்படி?

க.

அன்புள்ள க.,

டோல் முதல் ஆள் இல்லை. 1892இலேயே ஜான் கிட்வெல் என்பவர் அங்கே கம்பெனி தொடங்கி டப்பாவில் அடைத்துப் பார்த்தார். ஹவாய் அப்போது தனி நாடு. அமெரிக்கா போட்ட சுங்கவரியில் தொழில் படுத்துவிட்டது. 1898இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது, அதன் பிறகு அந்தத் தடை விலகியது. ஹார்வர்டில் படித்த ஜேம்ஸ் டோல் வந்து இறங்கியது 1899இல். ஹவாயின் ராணி லிலியுகலானியை இறக்கிவிட்டு அமைந்த குடியரசின் தலைவர் சான்ஃபோர்டு டோல் இவருடைய உறவினர். இதையெல்லாம் விட்டுவிட்டு ஜேம்ஸ் டோலின் உழைப்பை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

1901இல் கம்பெனி. 1903இல் முதல் பருவத்தில் 1,893 பெட்டிகள். பழம் விளைந்தது, ஆனால் தோல் சீவும் வேகம் போதவில்லை. அப்புறம்தான் 1911இல் ஹென்றி ஜினாகா என்ற இன்ஜினியரை வேலைக்கு எடுத்தார். அவர் செய்த இயந்திரத்தில் பழத்தைப் போட்டால், சுழலும் கத்தி அதை உருளையாகச் செதுக்கும், இரண்டு முனையும் வெட்டுப்படும், நடுத்தண்டு வெளியே வரும். தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையைக்கூடச் சுரண்டி எடுத்துவிடும். பின்னாளில் நிமிடத்துக்கு நூறு பழம் வரை போனது. அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் என்று நான் ஜினாகாவைத்தான் சொல்வேன். 1918இன் விஷக்காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

ஆனால் இயந்திரத்தாலும் எல்லாம் முடியவில்லை. செதுக்கிய பழத்தில் அங்கங்கே கண்கள் மிச்சமிருக்கும். ஓடும் பெல்ட்டின் ஓரம் வரிசையாக நின்ற பெண்கள்தான் சின்னக் கத்தியால் அதைத் தோண்டி எடுத்தார்கள். கையில் ரப்பர் உறை. வீட்டில் ஒரே ஒரு அன்னாசியை நறுக்கினாலே விரல் நுனி எரிகிறது. நாள் முழுக்க அந்தச் சாற்றில் கை வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட தீவு லானாய். 1922இல் 11 லட்சம் டாலருக்கு வாங்கினார். சரியாகப் பத்து வருடம். பொருளாதார மந்தத்தில் டப்பாக்கள் விற்காமல் தேங்கின, 1932இல் கம்பெனி அவர் கையை விட்டுப் போனது.