மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் சரிந்ததற்குப் பேசும் படங்கள்தான் காரணமா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். பட நிறுவனத்துக்காக அவர் நடித்த பேசும் படங்கள் நன்றாகவே வசூலித்தன. அவர் இழந்தது வேறு.

சிறு வயதிலேயே பெற்றோருடன் மேடையேறி, அடிபடாமல் விழக் கற்றவர் கீட்டன். 1917இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படங்களில் நடிக்கத் தொடங்கி, 1920 முதல் சொந்தக் குழுவோடு படமெடுத்தார். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தின் புயல் காட்சியைப் பாருங்கள். ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மீது சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குவதால் தப்புகிறார். நிஜமான, கனத்த சுவர் அது. தோளுக்கும் சன்னல் சட்டத்துக்கும் இடையே சில அங்குலம்தான். அப்போதும் முகத்தில் சலனமே இல்லை!

இப்படி யோசித்து, அளந்து, துணிந்து எடுக்கச் சுதந்திரம் வேண்டும். 1926இல் பெருஞ்செலவில் எடுத்த ‘தி ஜெனரல்’ வசூலில் தோற்றது. 1928இல் எம்.ஜி.எம்.மில் ஒப்பந்தமானதும் கதையும் படப்பிடிப்பும் நிறுவனத்தின் கைக்குப் போயின. குடியும் மணமுறிவும் சேர்ந்துகொள்ள, 1933இல் அவரை நீக்கிவிட்டார்கள்.

பின்னர் பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை யோசித்துக் கொடுத்தார். தொலைக்காட்சி அவரை மீண்டும் மக்களிடம் சேர்த்தது. 1960இல் கௌரவ ஆஸ்கர் விருது கிடைத்தது. மறையும்வரை நடித்துக்கொண்டே இருந்தார்.