தேவனிடம் அன்பும் பயமும் சேர்ந்தே வளருமா?

கேட்கப்பட்ட கேள்வி: “தேவனிடத்தில் அன்புகூர வேண்டும் என்கிறார்கள், அவருக்குப் பயப்பட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பயம் இருக்கும் இடத்தில் அன்பு எப்படி வளரும்? இரண்டையும் வைத்துக்கொண்டு விசுவாசத்தில் வளர்வது எப்படி?”

நான் இறையியல் படித்தவனல்லன். சென்னைப் புரசைவாக்கத்தில், லுத்தரன் குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். பதினான்கு வயதில், திருவிருந்தில் பங்குபெற ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனபோது, மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் சிறு நூலை, மனப்பாடம் செய்யவைத்தார்கள். அதில் பத்துக் கற்பனைகளுக்கும், அதாவது தேவனுடைய பத்துக் கட்டளைகளுக்கும், விளக்கம் உண்டு. ஒவ்வொரு விளக்கமும் நாம் தேவனுக்குப் பயந்து அவரிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற கருத்திலேயே தொடங்கும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அந்தச் சிறு நூலைத் தமிழாக்கிய நாள்முதல், எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் இந்த இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறார்கள். நானும் ஒப்பித்தேன். உங்கள் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆயர் நடுவில் நிறுத்திவிட்டால் அடுத்த வரி வருமா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ஆனால் பயம் என்றால் என்னவென்று அதற்கு முன்பே தெரிந்திருந்தேன். எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, ஒரு நற்செய்திக் கூட்டத்தில் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய பிரசங்கம் கேட்டேன். ஒரே படுக்கையில் இருக்கும் இருவரில் ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், மற்றவன் கைவிடப்படுவான் என்ற வசனத்தைப் பிரசங்கியார் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், பக்கத்துப் பாயில் அம்மா இல்லை. வருகை நடந்துவிட்டது, நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்றே நம்பி, குரல் எழும்பாமல் கிடந்தேன். சற்று நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் குடம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அது தண்ணீர்ப் பஞ்சக் காலம். நள்ளிரவில் வந்த தண்ணீர் லாரியில் பிடித்த இரண்டு குடங்களோடு அம்மா திரும்பியிருந்தார். அந்தப் பயம் என்னை ஏறக்குறைய ஒரு வாரம் பொய் சொல்லாமல் வைத்திருந்தது. அதற்கு மேல் அதனால் ஆகவில்லை.

“பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்” என்று யோவானின் முதல் நிருபம் நான்காம் அதிகாரம் சொல்வது இந்தப் பயத்தைத்தான் என்று நினைக்கிறேன். அந்த நிருபத்தை விளக்கும்போது ஆதித் திருச்சபையின் ஆயரான அகுஸ்தீன் இரண்டு மனைவியரைக் காட்டுகிறார்: ஒருத்தி தவறான வழியில் நடந்துகொண்டு, கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள், மற்றவள் அவனை நேசிப்பதால், அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். இருவரையும் கேட்டால் இருவருமே பயப்படுகிறேன் என்றுதான் சொல்வார்கள். பின்னால் வந்த இறையியலாளர்கள் முன்னதை அடிமையின் பயம் என்றும் பின்னதைப் பிள்ளையின் பயம் என்றும் பிரித்தார்கள். தமிழில் நமக்குப் ‘பயபக்தி’ என்ற சொல் இருக்கிறது. அது கூட்டுச்சொல்லாக இருப்பதே ஒரு வசதி, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. இன்னும் வியப்பானது 130-ஆம் சங்கீதம்: “உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.” தண்டனை உண்டு, ஆகையால் பயம் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், மன்னிப்பு உண்டு, ஆகையால் பயம் என்கிறது அது. இந்த வசனத்தைப் பல ஆண்டுகள் வாசித்தும், அதில் உள்ள ‘படிக்கு’ என்பதை நான் கவனித்ததில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தில். பலரும் வேகமாகப் புரட்டிவிடும் புத்தகம் அது. நானும் அப்படித்தான் செய்துவந்தேன். பத்தொன்பதாம் அதிகாரத்தில், செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்று சொன்ன கையோடு, உன் தேவனுக்குப் பயந்திரு என்று வருகிறது. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு என்ற இடத்திலும் அதே சொல். இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஏழையாகிப்போன சகோதரனிடம் வட்டி வாங்காதே, உன்னிடம் வேலைக்கு வந்தவனைக் கொடூரமாய் ஆளாதே என்னும்போதும் அதே சொல். நிந்தித்தது செவிடனுக்குக் கேட்காது. தடுக்கலை வைத்தவன் யாரென்று குருடனுக்குத் தெரியாது. நம்மைத் தட்டிக்கேட்க முடியாத மனிதர் எங்கே நிற்கிறாரோ, அங்கேதான் தேவபயம் கூப்பிடப்படுகிறது. அதே பத்தொன்பதாம் அதிகாரத்தில், குருடனைப் பற்றிய வசனத்துக்கு நான்கே வசனங்கள் தள்ளி, உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்ற கட்டளை இருக்கிறது. இயேசு இரண்டாம் பிரதான கற்பனையாக எடுத்துச் சொன்னது அதைத்தான்.

இதை எழுதத் தகுதி எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர், மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஆறாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். மாதம் ஐந்நூறு பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. கணக்கை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான ஒரு லெந்து காலத்தில் அந்த நோட்டைப் புரட்டியபோது, பன்னிரண்டு தவணையோடு நிற்க வேண்டியது பதினான்கு வரை போயிருப்பதைக் கண்டேன். முதலில் தோன்றிய எண்ணம் வெட்கப்பட வேண்டியது: கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொடுத்த புடவையே ஆயிரத்துக்கு மேல், இதில் அது சரியாகிவிட்டது. இரண்டாவது எண்ணம், வரும் மாதச் சம்பளத்தில் சொல்லாமல் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது. அந்த வாரம் வேதவாசிப்பு லேவியராகமத்தில் போய்க்கொண்டிருந்தது தற்செயல்தான் என்றாலும், என் நோட்டின் முன்னால் அவர் கண் தெரியாதவர் என்பதும், தடுக்கலை வைத்த கை என்னுடையது என்பதும் அப்போது தெளிவாயிற்று. இருந்தும் சொல்வதற்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டி, “அதிகமாப் பிடிச்சுட்டேம்மா, தப்பு என்னோடது” என்றபோது அவர், “நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன் சார்” என்றார். ஏதாவது திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதற்கு முன்பும் அவர்மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. புடவை, மருந்துச் செலவு, பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் பயபக்தி இல்லாத அன்பில் நான் கொடுப்பவனாகவே இருந்துகொண்டேன். அவருக்குக் கடன்பட்டவனாக நிற்கும் நிலை வரவேயில்லை. ஏழாம் கற்பனையாகிய ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பதற்கு ஞானோபதேசம் தரும் விளக்கம், பிறனுடைய பணத்தையும் பொருளையும் எடுக்காமலிருப்பதோடு நில்லாமல், அவனுடைய பிழைப்பைக் காக்கவும் பெருக்கவும் துணைநிற்கச் சொல்கிறது. பதினான்கு வயதில் ஒப்பித்த அந்த வரி, ஐம்பதை நெருங்கும்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஆகவே வளர்வது எப்படி என்று கேட்டால், நான் செய்துவருவது ஒன்றே. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு, குடும்ப ஜெபம் முடிந்தபின், இந்த வாரம் என்னைக் கேள்வி கேட்க முடியாத யாரிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று யோசிக்கிறேன். பெயர் ஏதாவது வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின்படி போக முயல்கிறேன். பாதி முறைதான் போகிறேன். நீண்ட ஜெபம், உபவாசம் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தேவபயம் என்று சொல்லி ஒருவர் உங்களைத் தமக்கே பயப்படவைத்தால், யாத்திராகமம் முதல் அதிகாரத்து மருத்துவச்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேவனுக்குப் பயந்தார்கள். அதனாலேயே, எபிரெயரின் ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜா பார்வோனின் கட்டளைக்குப் பணியாமல், அவர்களை உயிரோடு காப்பாற்றினார்கள்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் வைத்திருக்கிறாள். மாதம் முதல் தேதி அம்மாவின் கையில் கொடுத்தனுப்புகிறாள், நான் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். சென்ற மாதம் என் கூட்டலில் ஒரு பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பியிருந்தாள்.