கொரோனா இரண்டாம் அலையும் இளைஞர்களும்: மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில் (கடலூர், ஜூன் 2021)

பிளஸ் டூ மாணவி, திருப்பாதிரிப்புலியூர்: தேர்வு ரத்து என்றதும் தோழிகள் குதித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஜூன் 5 அறிவிப்புக்குப் பிறகு உன்னைப் போல அழுத பிள்ளைகள் நிறைய, அம்மா. இரண்டு வருடம் படித்ததைக் காட்ட இடமில்லை என்றால் வருத்தம் வரத்தான் செய்யும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு சரியாகவில்லை என்றால் தனியாகப் பேசு.

கல்லூரி மாணவர், பண்ருட்டி: ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது. கொரோனாவா?

முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் காத்திருக்கவே கூடாது. உடம்பில் கோளாறு இல்லை என்று அவர் சொன்ன பிறகும், திடீரென்று வந்து சில நிமிடத்தில் உச்சம் தொட்டு அடங்கினால் அது பதற்றமாக இருக்கலாம். அப்போது மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

நெல்லிக்குப்பம்: எந்தத் தடுப்பூசி நல்லது?

என் துறை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு தந்தை, கடலூர் முதுநகர்: சுனாமி பார்த்தோம், தானே புயல் பார்த்தோம். அப்போது யார் கவுன்சிலிங் போனார்கள்? இந்தப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை தமிழகக் கடலோரத்தில் மனநலப் பணி செய்தது. தேவை அப்போதும் இருந்தது. 2011 டிசம்பரில் தானே அடித்து முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது ஊரே ஒன்றாக உட்கார்ந்து அழுதது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படுத்தோம், ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டோம். இந்த நோய் அந்தச் சேர்க்கையைத்தானே தடுத்துவிட்டது? பக்கத்து வீட்டுச் சாவுக்குக்கூடப் போக முடியாத பிள்ளையிடம் திடம் இல்லை என்று சொல்லலாமா?

அதே தந்தை: அதற்காக நாள் முழுக்க போனா?

நாள் முழுக்க வேண்டாம். ஆனால் பிடுங்காதீர்கள். அவனுக்கு நண்பர்கள் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் எல்லாருடைய போனும் ஓரிடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. வாட்ஸ்அப்பில் வரும் சாவுச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்துங்கள்.

மாணவி, குறிஞ்சிப்பாடி: எங்கள் வீட்டில் ஒரே போன். அண்ணன் வகுப்புக்கு மட்டும்தான்.

அந்த அப்பாவும் இதைப் படிக்கட்டும். உன் வகுப்பு ஆசிரியரிடம் சொல், பாடத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேள்.

வடலூர்: மூச்சு அடைக்கிறது, கொரோனாவா?

பண்ருட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி மறுபடி மறுபடி வருகிறது. தூக்க மாத்திரை பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

இளைஞர், அரியாங்குப்பம், புதுச்சேரி: வேலைக்குப் போய் வந்தது நான். இறந்தது அம்மா. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இந்த நோய் பரவும், அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் பரவும். உங்கள் வீட்டுக்குள் யார் வழியாக வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் போனது சம்பளத்துக்கு, வீட்டுக்காக. விட்டுப்போன சடங்கை இப்போது செய்யலாம். அம்மா படத்தை வைத்து, சொந்தக்காரர்களை வீடியோவில் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றாக அவரைப் பற்றிப் பேசுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள் (2021-இல் கிரண், இப்போது டெலி மானஸ் 14416), புதுச்சேரியிலிருந்தும் இலவசம். இன்று சாயங்காலம் நானே உங்களைக் கூப்பிடுகிறேன், எண்ணைத் தனியாக அனுப்புங்கள்.