விழுந்த காலில் வலி, கூடவே காய்ச்சல்: எக்ஸ்-ரே நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஐந்து நாளைக்கு முன் விளையாடும்போது விழுந்தான். முட்டுக்குக் கீழே வலி. ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) காட்டினோம், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உழிச்சல் செய்து கட்டினார். மூன்றாம் நாளில் காய்ச்சல் வந்தது, காலை ஊன்றவே மாட்டேன் என்கிறான். எக்ஸ்-ரேயில் முறிவு இல்லை. ஆனாலும் டாக்டர் ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? – ஒரு தாய், திருவட்டாறு

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இன்றே கிளம்புங்கள். உங்கள் டாக்டர் சரியான பாதையில்தான் போகிறார்.

சுளுக்குக்குக் காய்ச்சல் வராது. காலை ஊன்றாத பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தால், எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்வோம். அது இல்லை என்று பரிசோதனைகள் சொன்ன பிறகுதான் மற்றதை யோசிப்போம். விழுந்ததுதான் காரணம் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. பிள்ளைகள் தினமும் விழுகிறார்கள். வலி வந்த பிறகு ஏதாவது ஒரு விழுகை வீட்டில் நினைவுக்கு வந்துவிடும். அந்த நினைவுதான் பல நேரம் நாள் கடத்த வைக்கிறது.

எலும்புக்குள் கிருமி எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக. சொறிந்து புண்ணான கொசுக்கடி, சிரங்கு, ஒரு சின்னக் கொப்பளம் போதும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான் அதிகம் காரணம். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில், எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டிய இடத்தில் ரத்தக் குழாய்கள் வளைந்து திரும்புகின்றன. அங்கே ரத்த ஓட்டம் மெதுவாகும், கிருமி தங்கிவிடும். முட்டுக்கு மேலும் கீழும் இது அதிகம் வருவதற்குக் காரணம் அதுதான். சீழ் சேர்ந்தால் எலும்புக்குள் விரிய இடம் கிடையாது. அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றால் அந்தப் பகுதி எலும்பு செத்துவிடும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் புண்ணாகிவிடும். வளர்ச்சித் தட்டு கெட்டால் கால் குட்டையாகும் அல்லது வளையும். முதல் சில நாட்களிலேயே மருந்து தொடங்கிய பிள்ளைகளோ பெரும்பாலும் முழுதாகக் குணமாகி ஓடியாடுகிறார்கள்.

சரி, எக்ஸ்-ரே ஏன் காட்டவில்லை? எலும்பு ஓரளவு அரிக்கப்பட்ட பிறகுதான் அதில் தெரியும். பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். ஐந்தாம் நாள் எடுத்த படம் முறிவு இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எம்.ஆர்.ஐ. முதல் சில நாட்களிலேயே காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருந்தால் கூடும் அளவுகள்), வெள்ளை அணுக்கள் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்களைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு: ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளுக்கு இப்படிக் கால் வலியாகவே தொடங்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, அரிதானதுதான்.

இந்தப் பரிசோதனைகளைவிட முக்கியம் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அது சொல்லும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்தால்தான் கிருமி பிடிபடும் வாய்ப்பு அதிகம். எனவே வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஸ்கேன் கிடைக்கத் தாமதமானால் கல்ச்சர் எடுத்துவிட்டு டாக்டரே ஊசியைத் தொடங்கிவிடுவார்.

சிகிச்சை இப்படி இருக்கும்: சில நாள் நரம்பு வழி ஊசி மருந்து; காய்ச்சல் விட்டு, வலி குறைந்து, சி.ஆர்.பி. இறங்கியதும் வாய்வழி மருந்து. சிக்கல் இல்லாவிட்டால் மொத்தம் 3, 4 வாரம். சீழ் கட்டியிருந்தால் திறந்து எடுக்க வேண்டும். பையன் ஒரு வாரத்தில் ஓட ஆரம்பித்துவிடுவான். அப்போது மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

ஆசான்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குமரி மாவட்டத்தில் வர்மமும் உழிச்சலும் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. அவர்களை நம்பிப் போனதற்காக உங்களை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் காய்ச்சல் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ஆசானிடம் மட்டும் இனிப் போங்கள். கிருமி இருக்கும் காலை இனி யாரும் உழியவேண்டாம். கட்டையும் அவிழ்த்துவிடுங்கள். பிள்ளைகளின் முழங்கை முறிவில் இறுக்கக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கையே சூம்பிப் போவது உண்டு. எந்தக் கட்டுக்குப் பிறகும் விரல் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, விரலை நீட்டிவிட்டால் பிள்ளை அலறினாலோ உடனே அவிழ்த்து, உடனே ஓடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கும் சொல்கிறேன்: துணி மாற்றும்போது வீரிட்டு அழுது, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால் இடுப்பு மூட்டில் சீழாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் வரும். அது சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அவசரம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் எலும்புப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எடுத்த எக்ஸ்-ரே, கொடுத்த மருந்துகளின் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பையன் கடைசியாக எப்போது சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான் என்ற நேரத்தையும் குறித்து வையுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.