‘முடிச்சிடலாம்’ என்று சொல்வதற்கு முன்னால்

தம்பி, வெளிநாட்டு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் அலுவலகத்தில் ஒரு ப்ராஜெக்டைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள், ஸ்கோப், பேஸ்லைன், கிரிட்டிகல் பாத் என்று அவர்கள் பேசுவது பாதி புரியவில்லை, உடனே ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேர்வு எங்கும் ஓடிவிடாது. திங்கட்கிழமை காலையில் கைகொடுப்பதை முதலில் பார்ப்போம்.

மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுவது ப்ராஜெக்ட் இல்லை. அதற்குப் புது மென்பொருள் கொண்டுவருவது ப்ராஜெக்ட். தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, முடிந்ததும் கையில் ஒரு பொருள் இருக்கும். செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பதுதான் ஸ்கோப். அதோடு நாளும் பணமும் கட்டிப்போட்டது போல இருக்கும். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் நகரும். தேதியும் பட்ஜெட்டும் அசையக்கூடாது, வேலை மட்டும் கூடலாம் என்று யாராவது சொன்னால் அடிவாங்கப்போவது தரம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: அலுவலகத்தில் 40 பேரைக் கட்டடத்தின் வேறொரு மாடிக்கு, அதாவது புதுத் தளத்துக்கு, மாற்ற வேண்டும். முதல் வேலை ஒரே ஒரு பக்கம் எழுதுவது. என்ன செய்யப்போகிறோம், என்ன செய்யப்போவதில்லை, முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வோம், யார் கையெழுத்துப் போடுவார். இதில் ‘செய்யப்போவதில்லை’ பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘பழைய தளத்தைக் காலி செய்து ஒப்படைப்பது இதில் சேராது’ என்று ஒரு வரி எழுதாவிட்டால், கடைசி வாரத்தில் அது உங்கள் தலையில்தான் விழும். ஒப்புதல் வாங்கிய பிறகு அந்த ஸ்கோப்பும் தேதியும் பட்ஜெட்டும்தான் பேஸ்லைன். இனி எது மாறினாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேச்சு.

அடுத்து வேலையைத் துண்டு போடுவது. ஒரு துண்டு 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் 80 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கட்டும் என்பது பழைய கைவழக்கம். அதைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பட்டியலில் வழக்கமாக விட்டுப்போவது அனுமதி வாங்குவதும் சோதித்துப் பார்ப்பதும்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் சொல்ல ஒரே ஓர் ஆள். இரண்டு பேர் பெயர் இருந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடமே கேளுங்கள். ஒரு எண் கேட்காமல் மூன்று கேளுங்கள். கேபிள் போட, எல்லாம் கூடிவந்தால் 3 நாள், வழக்கமாக 4, சொதப்பினால் 11 என்கிறார். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள்: 30/6, அதாவது 5 நாள். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பிறந்த கணக்கு இது. இன்றும் வேலை செய்கிறது. 4க்கும் 11க்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டால், ‘மேல்தளத்துக்குள் போக அனுமதி கிடைக்கணுமே’ என்பார். அதுதான் உங்கள் ரிஸ்க் பட்டியலின் முதல் வரி.

இப்போது கிரிட்டிகல் பாத். மின்வயரிங் 6 நாள், அதன் பிறகு கேபிள் 5, அதன் பிறகு மேசைகளைப் பொருத்த 3, கணினிகளை வைத்துச் சோதிக்க 2. மொத்தம் 16. இன்னொரு பக்கம், மேசைகள் வந்துசேர 8 நாள், பொருத்த 3, சோதிக்க 2: மொத்தம் 13. நீளமான 16 நாள் வழிதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் நழுவினால் முடிவுத் தேதியும் ஒரு நாள் நழுவும். மேசைகள் 3 நாள் தாமதமாகலாம், ஒன்றும் கெட்டுவிடாது; அந்த இடைவெளிதான் ஃப்ளோட். 4 நாள் தாமதமானால் 17 ஆகிவிடும், கிரிட்டிகல் பாத் மேசைப் பக்கம் மாறிவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் ஒரு முறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடாது, வாராவாரம் போட வேண்டும்.

‘90 சதவீதம் முடிந்தது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். மிச்சம் 10 சதவீதம் வாரக்கணக்கில் இழுக்கும். சோதித்து முடித்த இருக்கையை மட்டும் எண்ணுங்கள். இன்றைக்கு 20 முடிந்திருக்க வேண்டும், 15தான் முடிந்திருக்கிறது என்றால் 15/20, அதாவது 0.75 வேகம். வாக்குவாதமே வேண்டாம்.

இனி முக்கியமானது. புதிதாக வந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, வாயில். மேலாளர் நடைபாதையில் நிறுத்தி, ‘இன்னும் 10 இருக்கை சேர்த்துக்கொள்ளலாமா?’ என்பார். மரியாதைக்காக நாம் ‘முடிச்சிடலாம்’ என்போம். அது அங்கே வாக்குறுதியாகப் பதிவாகிவிடும். ‘எத்தனை நாள், எவ்வளவு செலவு கூடும் என்று பார்த்து நாளைக்கு எழுதி அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கெட்ட செய்தியும் அப்படித்தான், அன்றைக்கே போக வேண்டும். மெயில் இந்த அளவு போதும்:

‘கேபிள் வேலை 2 நாள் தாமதம். காரணம், தளத்துக்குள் போக அனுமதி வரவில்லை. முடிவுத் தேதி 16ஆம் நாளிலிருந்து 18ஆம் நாளுக்குப் போகும். வழி ஒன்று: விடுமுறை நாளில் வேலை, கூலி கூடும். வழி இரண்டு: முதலில் 25 பேரை மட்டும் மாற்றுவது. எது என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.’

இதில் மன்னிப்பும் இல்லை, பழியும் இல்லை, கவனித்தீர்களா? காரணம், விளைவு, வழி, கெடு, அவ்வளவுதான்.

உங்கள் குழு ஸ்க்ரம் முறையில், அதாவது ஸ்பிரிண்ட் என்ற சிறு சுற்றுகளாக, வேலை செய்தால் பெயர்கள் மாறும். ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டாது, தினசரிக் கூட்டம் 15 நிமிடம். யார் என்ன செய்கிறார், எது முடிந்ததாகக் கணக்கு என்ற கேள்விகள் அங்கேயும் அதேதான்.

தேர்வு விஷயம். பிஎம்பிக்கு நான்காண்டுப் பட்டம் இருந்தால் 36 மாதம் ப்ராஜெக்டை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். அனுபவம் போதாது என்றால் பிஎம்பியை நடத்தும் அதே நிறுவனத்தின் தொடக்கநிலைத் தேர்வான சிஏபிஎம்முக்கு அனுபவம் தேவையில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் அலுவலகம் இருக்கும் ஊரில் வேலை விளம்பரங்களைப் பாருங்கள். சில இடங்களில் பிரின்ஸ்2 என்ற வேறொரு சான்றிதழைத்தான் கேட்பார்கள். இன்னொன்று, நம் ஊரில் நீங்கள் வழிநடத்திய ப்ராஜெக்டுகளும் பிஎம்பி அனுபவத்தில் சேரும், உங்கள் பதவிப் பெயர் மேலாளர் என்று இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்க எடுத்தால் அந்த வேலையை உறுதிசெய்ய ஆள் வேண்டும். பழைய மேலாளர்களின் மெயில் முகவரிகளை, அவர்களும் வேலை மாறிப் போவதற்கு முன்னால், இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.