திண்ம மேற்பரப்பைப் பார்க்க என்எம்ஆர் சிக்னல் போதவில்லை, பெரிய காந்தம்தான் வழியா?

பெரிய காந்தத்தைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள். (என்எம்ஆர் என்றால், மாதிரியை வலுவான காந்தத்துக்குள் வைத்து அதன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலைப் படிக்கும் முறை.) 400 மெகாஹேர்ட்ஸ் கருவியை விட்டு 800-க்குப் போனால் கணக்குப்படி கிடைப்பது ஏறக்குறைய 2.8 மடங்கு சிக்னல். அதற்கு ஆகும் செலவை நீங்களே விசாரித்துப் பாருங்கள். "அலுமினியத்துக்கு உயர் புலம் வேண்டும், அங்கே ஸ்பெக்ட்ரத்தில் கோடே ஒடுங்கிக் கூர்மையாகிவிடும்" என்று யாராவது உடனே வந்து எழுதுவார்கள். சரிதான், மறுக்கவில்லை. நான் பேசுவது சிலிக்கனையும் காபனையும் பற்றி.

நீங்கள் இலங்கையில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.பில். செய்கிறீர்கள், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பினீர்கள், வந்த ஸ்பெக்ட்ரத்தில் எது கோடு எது இரைச்சல் என்று தெரியாமல் முழிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

சிக்னல் வராதது உங்கள் குற்றமில்லை. 9.4 டெஸ்லா காந்தத்தில் (அதுதான் 400 மெகாஹேர்ட்ஸ் கருவி), அறை வெப்பநிலையில், பத்து லட்சம் ஐதரசன் கருக்களில் சுமார் 32-தான் நமக்கு உதவும் மிகுதி. மற்றவை ஒன்றையொன்று இரத்துச் செய்துவிடும். சிலிக்கனில் என்எம்ஆருக்குத் தென்படும் சமதானி 4.7 சதவீதம், காபனில் 1.1 சதவீதம். அதிலும் மேற்பரப்பில் இருப்பது மொத்தத்தில் ஒரு துளி. பொறுமையாகக் காத்திருந்தால் வரும் என்பார்கள். சிக்னலைப் பத்து மடங்கு தெளிவாக்க நூறு மடங்கு நேரம் வேண்டும், அவ்வளவு நாளைக்குக் கருவியை யார் தருவார்கள்?

நான் ஆய்வுக்கு எடுத்த மாதிரி உமிச் சாம்பல். நான் திருகோணமலைக்காரன், எங்கள் பேச்சில் திருமலை. தம்பலகாமத்து மில்களுக்குப் பின்னால் மலைபோலக் கிடக்கும் உமியில் இருந்து சிலிக்கா எடுத்து, அதன்மேல் அமீன் (நைதரசன் உள்ள) சங்கிலிகளை ஒட்டி, தண்ணீரில் உள்ள பார உலோகங்களைப் பிடிக்கலாமா என்பதுதான் ஆய்வு. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் கருவிக்குப் பொறுப்பாக இருந்தவர் பையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "அழுக்கான மாதிரி, கடையில் சுத்தமான சிலிக்கா விற்கிறார்கள்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, இந்தப் பதிலை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கறுத்த சாம்பலில் இரும்பும் மங்கனீசும் இருக்கும். அவற்றின் சோடியில்லா இலத்திரன்கள் பக்கத்தில் உள்ள கருக்களின் சிக்னலை அகலப்படுத்தி விழுங்கிவிடும். எரியாமல் தங்கிய கரி இன்னொரு தொல்லை, மின்னைக் கடத்துவதால் ரோட்டர் (மாதிரியை அடைத்து வேகமாகச் சுழற்றும் சிறு குழாய்) சுழலும்போது இழுத்துப் பிடித்துச் சூடேற்றும். ஆனால் எங்கள் மாதிரி கறுப்பில்லை. உமியை முதலில் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவி, அதன் பிறகு 600 பாகை செல்சியஸ் அளவில் எரித்திருந்தோம். வெள்ளை வெளேரென்ற தூள். அதைவிட மிகவும் கூட எரித்தால் சிலிக்கா பளிங்காகி மேற்பரப்பே சுருங்கிவிடும்.

முதலில் சாதாரணக் கருவியிலேயே இரண்டு வேலை செய்தோம். ஒன்று, ஐதரசனின் முனைவாக்கத்தை, அதாவது மேலே சொன்ன அந்த மிகுதியை, சிலிக்கனுக்குக் கடத்துவது, ஹார்ட்மன்னும் ஹானும் 1962-இல் காட்டிய வழி. சிலிக்கனுக்கு இதில் 5 மடங்கு வரை ஏறும். அதோடு சிலிக்கன் நிதானமாகத் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருக்கவும் வேண்டாம், ஐதரசன் சீக்கிரம் தயாராகிவிடும். அப்புறம் ஒரே சிக்னலை எதிரொலிகளாகத் திரும்பத் திரும்பப் பதிந்து கூட்டினோம். ஸ்பெக்ட்ரத்தில் −66 பிபிஎம் பக்கத்தில் அமீன் சங்கிலியைத் தாங்கும் சிலிக்கனின் கோடு தலைகாட்டியது. கடைச் சிலிக்கா தேவைப்படவில்லை.

இதற்குமேல் போக வேண்டுமென்றால்தான் டிஎன்பி, அதாவது இலத்திரன்களைக் கொண்டு கருக்களின் முனைவாக்கத்தைப் பெருக்கும் முறை. இலத்திரனின் முனைவாக்கத்தைக் கருவுக்குக் கொடுக்கலாம் என்று ஓவர்ஹவுசர் சொன்னது 1953-இல். இலத்திரனின் காந்த வலு ஐதரசன் கருவைவிட ஏறக்குறைய 658 மடங்கு. இதை மேற்பரப்புக்குக் கொண்டுவந்தவர்கள் பிரான்ஸின் லியோனில் இருந்த லெசாஜ், எம்ஸ்லி குழுவினர், 2010-இல். சுயாதீன மூலிகம் (சோடியில்லா இலத்திரன் உள்ள மூலக்கூறு) கரைந்த திரவத்தைத் தூளின் துளைகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் விட்டு, 100 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து, ஜைரோட்ரான் என்ற நுண்ணலைக் கருவியில் இருந்து 263 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையைப் பாய்ச்சினால், முனைவாக்கம் திரவத்தின் ஐதரசனுக்கு வந்து, அங்கிருந்து மேற்பரப்பில் உள்ள கருக்களுக்குப் போகும். அவர்களுக்குச் சிக்னல் சுமார் 50 மடங்கு ஏறியது. நேரக் கணக்கில் அது 2,500 மடங்கு மிச்சம். உள்ளே ஆழத்தில் இருக்கும் சிலிக்கனுக்குப் பக்கத்தில் ஐதரசன் இல்லாததால் அதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, மேற்பரப்பு தனியாகத் தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

"எனக்கு 200 மடங்கு" என்று மார்தட்டுகிறவர்களிடம் எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். நுண்ணலையை நிறுத்தியும் போட்டும் எடுத்த விகிதத்தைத்தான் சொல்வார்கள். மூலிகம் தன் பக்கத்தில் உள்ள கருக்களை மறைத்துவிடுவதும், திரவம் ரோட்டரில் இடம் பிடிப்பதும் அந்த எண்ணில் வராது. மூலிகம் போடாத உலர்ந்த தூளை அதே ரோட்டரில், அதே நேரத்துக்கு எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

ஜைரோட்ரான் இருக்கும் இடத்துக்கு மாதிரியை அனுப்புவதே ஒரு தனிப் புராணம். வெள்ளைத் தூள், சிறு பிளாஸ்டிக் பை, கிழக்கு மாகாணத்து முகவரி. கூரியர் கடையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவரின் கடிதம் கேட்டார். கொடுத்தேன். அடுத்தது பொலிஸ் கடிதம் கேட்டார். உமிச் சாம்பல் என்று எத்தனை தரம் விளக்கினாலும் "ஏன் வெள்ளையாக இருக்கு?" என்றார். அமிலத்தில் கழுவியதால் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. இதே தூளைக் கொழும்பு முகவரியோடு சிநேகிதன் ஒருவன் ஒரு கேள்வியும் இல்லாமல் அனுப்பினான். கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதைதான், ஆனால் திருமலையில் இருந்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் புரியும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். துளையின் அளவைத் தெரிந்துகொள்ளாமல் மூலிகத்தைத் தேராதீர்கள். டெக்பால் என்ற மூலிகம் நன்றாக வேலை செய்யும், ஆனால் பெரிய மூலக்கூறு, ஒடுங்கிய துளைக்குள் நுழையாது. ஒட்சிசனை வெளியேற்றாவிட்டால் ஏற்றம் குறையும், உறையவைத்து உருகவைப்பதைச் சில தடவை செய்யச் சொல்லுங்கள். வினைத்திறன் கூடிய மேற்பரப்பென்றால் அது மூலிகத்தையே அழித்துவிடலாம். உங்களுடையது சிலிக்காவா அலுமினாவா, மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று எழுதுங்கள், எந்தக் கரைப்பான் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.