சார்லட்டில் வீடு வாங்குகிறோம். வங்கி 'ஸோன் எக்ஸ்' என்கிறது. வெள்ளக் காப்பீடு வீண் செலவா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: சார்லட் இருக்கும் வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வீடு பார்த்திருக்கிறீர்கள், கடற்கரைக்குப் போகக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், லோன் கொடுக்கும் வங்கி வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது, பிறகு எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்?

எடுங்கள் என்பதுதான் என் பதில். எடுக்காவிட்டாலும் க்ளோசிங்குக்கு, அதாவது பணம் கட்டி வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளுக்கு, முன் விலையாவது கேட்டுவிடுங்கள். நானும் இதே கவுண்டியில் ஸோன் எக்ஸில்தான் இருக்கிறேன், பாலிசி வைத்திருக்கிறேன். புதுப்பிக்கும் மாதம் வந்தால் வீட்டில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடக்கும், அது தனிக்கதை.

முதலில் கடலை மறந்துவிடுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் கடல் புகுந்தா மூழ்கின? சார்லட்டில் ஆபத்து ஓடைகளிலிருந்து வருகிறது. லிட்டில் ஷுகர் க்ரீக், பிரையர் க்ரீக், மெக்கால்பைன் க்ரீக் என்று ஊர் முழுக்க ஓடுகின்றன. வெயில் நாளில் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர், பக்கத்தில் நடைபாதை, அழகாகத்தான் இருக்கும். மேட்டில் காடு இருந்த இடமெல்லாம் கூரையும் பார்க்கிங்குமாக ஆகிவிட்டதால், ஒரு மணி நேரம் கொட்டினாலே மொத்தமும் இந்த ஓடைகளில்தான் வந்து விழுகிறது. 1995-லும் 1997-லும் புயல்களின் மிச்ச மழையிலேயே நகரத்துக்குள் பலத்த சேதம். அதன் பிறகு 1999-ல் கவுண்டி ஒரு திட்டம் தொடங்கி, அடிக்கடி மூழ்கும் 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களை விலைக்கு வாங்கி இடித்திருக்கிறது. பழைய தெருக்களில் வரிசையாக வீடுகள் இருக்க, நடுவில் காரணமே இல்லாமல் ஒரு புல்வெளி இருந்தால், அங்கே முன்பு என்ன இருந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

இப்போது ஸோன் எக்ஸ். கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பான ஃபீமா வரையும் வெள்ள வரைபடத்தில், ஒரு வருடத்தில் வெள்ளம் வர குறைந்தது 1 சதவீத வாய்ப்புள்ள பகுதிகள் 'ஏ', 'ஏஇ' போன்ற மண்டலங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 30 வருட லோனுக்குக் கணக்குப் போட்டால் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. அந்தக் கோட்டுக்குள் வீடு இருந்தால், அரசு ஆதரவுள்ள லோனுக்கு வெள்ளக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஸோன் எக்ஸ் அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பது, அங்கே கட்டாயமில்லை. வங்கி உங்களிடம் சொன்னது இவ்வளவுதான். அது வங்கியின் கடமையைப் பற்றிய தகவலே தவிர, உங்கள் வீட்டின் மேடு பள்ளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. வடிகால் நிரம்பித் தெருவில் ஏறும் மழைநீர் பெரும்பாலும் அந்த வரைபடத்தில் வராது. வெள்ளக் கிளைம்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியேயிருந்து வருவதாக ஃபீமாவே சொல்கிறது.

இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கும் ஆஷ்வில்லைப் பாருங்கள். 2,000 அடிக்கும் மேலே மலையில் இருக்கும் ஊர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஃப்ளோரிடாவில் கரையேறி உள்நாட்டுக்குள் வருவதற்கு முன்பே அங்கே மழை பிடித்துக்கொண்டு மண் ஊறியிருந்தது. ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு உயர்ந்து, 1916-ன் 23.1 அடி சாதனையை முறியடித்தது. ஊர் இருக்கும் பன்கம் கவுண்டியில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்தது நூறில் ஒரு வீடுகூடக் கிடையாது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. அரசு தருமே என்று இருக்காதீர்கள். அந்தச் சமயத்தில் ஃபீமா வீட்டுக்காகத் தரும் உதவியின் உச்சவரம்பே 42,500 டாலர், கைக்கு வருவது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. சிறு தொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ, வீட்டுக்காரர்களுக்கும் பேரிடர் உதவி தரும். ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். வீடு போனாலும் வங்கி லோனும் பாக்கி நிற்கும். இன்னொன்று: மண்சரிவு வெள்ளப் பாலிசியில் வராது. மலைப்பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

பாலிசி என்ன தரும், என்ன தராது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்குக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை தரும். இரண்டும் தனித்தனி. பொருள்களுக்கு நீங்கள் கேட்டு வாங்கினால்தான் உண்டு. அதிலும் தேய்மானம் கழித்துத்தான் கணக்கு. ரிப்பேர் முடியும்வரை வெளியே தங்கும் வாடகை கிடையாது. கார் இதில் சேராது, அதற்குக் காரின் காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான். பேஸ்மென்ட் விஷயம் இன்னும் மோசம். ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின்சாரப் பெட்டி, வாஷர், ட்ரையர், ஃப்ரீசர் போன்ற சிலவற்றோடு நின்றுவிடும். அங்கே ஹோம் தியேட்டர் போட்டு, தரைக்கு நல்ல மரமும் போட்டு, கொலு பொம்மைப் பெட்டிகளையும் அடுக்கி வைத்தால் அவை எதற்கும் பணம் வராது. ஆனால் நான்கு பக்கமும் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் அவர்கள் கணக்கில் அது பேஸ்மென்ட். ஒரு பக்கம் கதவைத் திறந்தால் தரையோடு வெளியே நடந்து போகலாம் என்றால் கணக்கு வேறு. ஏஜென்ட்டிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

'வெள்ளம்' என்பதற்கும் வரையறை உண்டு. சாதாரணமாக உலர்ந்திருக்கும் நிலத்தில் இரண்டு ஏக்கராவது, அல்லது உங்களுடையதையும் சேர்த்து இரண்டு சொத்துகளாவது மூழ்க வேண்டும். குழாய் வெடித்தால் அது வீட்டுக் காப்பீட்டின் வேலை. வெளியே வெள்ளமே இல்லாமல் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் வந்தால், வீட்டுக் காப்பீட்டில் 'வாட்டர் பேக்கப்' என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். செலவு அதிகம் இல்லை, அதையும் சேர்த்துவிடுங்கள்.

விலை என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், என் வீட்டு விலை உங்களுக்கு உதவாது. 2021 அக்டோபரிலிருந்து புதுப் பாலிசிகளுக்கு மண்டலத்தை வைத்து விலை போடுவதில்லை. ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். பழைய வீடு வாங்குகிறீர்கள், விற்பவரிடம் ஏற்கனவே பாலிசி இருக்கிறது என்றால், அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். அவருக்குச் சலுகை விலை ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் தொடரும். தனியார் கம்பெனிகளும் விற்கின்றன, 2,50,000-க்கு மேல் வேண்டுமென்றால் அங்கே போகலாம். ஆனால் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லவும் வாய்ப்புண்டு.

அப்புறம், வீட்டை நீங்களே பாருங்கள். மாநிலத்தின் வெள்ளத் தகவல் தளமான 'ஃப்ரிஸ்'-இல் முகவரியைப் போட்டால் மண்டலம் தெரியும். மெக்லன்பர்க்கின் சொந்த வரைபடத்தில் ஃபீமா கோட்டைத் தவிர, எதிர்காலக் கட்டடங்களையும் கணக்கில் சேர்த்து வரைந்த இன்னொரு அகலமான கோடு இருக்கும். நான் பார்ப்பது அதைத்தான். வட கரோலினாவில் விற்பவர் நிரப்பும் படிவத்தில் 2024 ஜூலையிலிருந்து வெள்ளம் பற்றிய கேள்விகளும் உண்டு. ஆனால் யாரும் குடியேறாத புது வீட்டின் முதல் விற்பனைக்கு அந்தப் படிவம் தேவையில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் பில்டரிடம் புது வீடுதானே வாங்குகிறார்கள்! பின்னால் குளம் தெரிகிறது என்று பில்டர் கூடுதல் பணமும் கேட்பார். மழைநீரைப் பிடித்து வைக்கத்தான் பல இடங்களில் அந்தக் குளத்தையே வெட்டியிருப்பார்கள். நல்ல மழை நாளில் ஒருமுறை போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, நேரம். சாதாரணமாக இந்தப் பாலிசி எடுத்தால் அமலுக்கு வர 30 நாள் ஆகும். புயல் வருகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை. லோன் வாங்கும்போது அதோடு சேர்த்து எடுத்தால் காத்திருப்பு இல்லை, க்ளோசிங் அன்றே அமலுக்கு வரும். அதனால் ட்யூ டிலிஜென்ஸ் காலத்திலேயே, அதாவது வீட்டைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென்றால் விலகிக்கொள்ளத் தரும் காலத்திலேயே, விலை கேட்டுவிடுங்கள். அந்த விலை மிரட்டுகிற மாதிரி இருந்தால், வீட்டைப் பற்றி மறுபடி யோசிக்க அப்போதுதான் வழியிருக்கும். கையில் பணம் இறுக்கமென்றால் டிடக்டிபிளை (சேதத்தில் நீங்களே ஏற்கும் தொகையை) உயர்த்திக் கட்டடத்துக்கு மட்டுமாவது எடுங்கள், பொருள்களுக்குப் பிறகு சேர்க்கலாம், அதற்கு மறுபடி 30 நாள் ஆகும். பிரீமியத்தை க்ளோசிங் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லி அட்டர்னி அலுவலகத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடுங்கள்.